குடியெழுப்பும் துன்பம் ஏன் ஒரே தெருவில் குவிகிறது?



மழை நல்லோர் கூரையிலும் தீயோர் கூரையிலும் ஒன்றுபோல் பெய்கிறது. வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்படும் துன்பமோ அப்படிப் பெய்வதில்லை. கொழும்பில் எந்தப் பங்கின் குடும்பப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். சில தெருக்களின் பெயர்கள் தகப்பனுக்குப் பின் மகன் என்று அப்படியே நிற்கும். வேறு சில ஒழுங்கைகளுக்குரிய பக்கத்தில் வெட்டும் திருத்தமுமாகவே இருக்கும். போன நத்தாருக்கு இருந்த குடும்பம் இந்த உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இல்லை. எங்கே போனார்கள் என்று அயலாரைக் கேட்டால், "வீட்டுக்காரர் எழுப்பிப்போட்டார், வத்தளைப் பக்கம் போனவை" என்பார்கள்.

இது அந்தந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர் குடித்தார், இவர் வாடகை கட்டவில்லை, அவள் அயலாரோடு சண்டை பிடித்தாள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். தனி மனிதரின் குறைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அப்படியானால் குடியெழுப்புதல் மட்டும் ஏன் சில தெருக்களில் குவிகிறது? இந்த வாரப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

எழுப்புவதில் மூன்று வகை

முதலாவது, நீதிமன்றக் கட்டளையோடு எழுப்புவது. வழக்கு, தீர்ப்பு, பிஸ்கால் என்று அதற்கு ஒரு முறை உண்டு. இரண்டாவது, நீதிமன்றத்தின் வாசலையே மிதியாமல் எழுப்புவது. "மகன் கனடாவிலிருந்து வாறான், அடுத்த மாதம் வீடு வேணும்" என்ற ஒரு சொல் போதும். அல்லது வாடகையை ஒரேயடியாக இரட்டிப்பாக்குவது, தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது, மின்சாரத்தை நிறுத்துவது. மூன்றாவது, அரசாங்கமோ அதன் அதிகார சபையோ ஒரு குடியிருப்பையே பெயர்ப்பது.

நீதிமன்றப் புத்தகத்தில் ஏறுவது முதல் வகை மட்டுமே. நம் மக்களில் பெரும்பாலோருக்கு நேர்வதோ இரண்டாவது வகை. ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து, இந்நகரில் இத்துன்பம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மத்தியூ டெஸ்மண்ட் என்ற சமூகவியலாளர் இதை வீடு வீடாக விசாரித்து ஆராய்ந்தார். 2016இல் நூலாகவும் வெளியிட்டார். அந்நகரில் 2009 முதல் 2011 வரையான காலத்தில் வாடகைக்கு இருந்தோரில் எட்டுப் பேருக்கு ஒருவர் கட்டாயத்தினால் வீடு மாறியிருந்தார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நீதிமன்றத்துக்குப் போகாமலே எழுப்பப்பட்டவர்கள். நீதிமன்றம் மூலம் எழுப்பப்பட்ட ஒருவருக்கு இரண்டு பேர் அப்படிச் சத்தமின்றி எழுப்பப்பட்டிருந்தார்கள். இவை நகரெங்கும் பரவியிருக்கவில்லை. கறுப்பின ஏழைகள் வாழும் சில வட்டாரங்களில், அதிலும் பிள்ளைகளோடு தனித்து வாழும் தாய்மாரிடையே குவிந்திருந்தன. பிள்ளைகள் உள்ள வீடே அதிகமாக எழுப்பப்பட்டது. பின்னர் பல நகரங்களை ஆராய்ந்தபோது, ஒரே சில கட்டடங்களிலிருந்தே ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் ஆட்கள் எழுப்பப்படுவதும் தெரிய வந்தது.

"எத்தனை பிள்ளைகள்?" என்று வீட்டுக்காரர் முதற் கேள்வி கேட்பது மில்வாக்கியில் மட்டுமல்ல. பம்பலப்பிட்டியிலும் அதே கேள்விதான். இனி நம் நகருக்கு வருவோம்.

முதற் காரணம்: கடதாசி இல்லாத தெரு

இலங்கையில் வாடகைக்காரரைக் காக்கச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. யுத்த காலமாகிய 1942இலேயே வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அது பொருந்தும் வீடுகளுக்கு, வாடகையை வரையறுத்ததோடு எழுப்புவதற்கான காரணங்களையும் எண்ணிச் சொன்னது: வாடகை நிலுவை, அனுமதியின்றி வேறொருவருக்கு விடுதல், வீட்டைச் சேதப்படுத்தல், வீட்டுக்காரர் தாமே குடியிருக்க நியாயமான தேவை என்பன அவற்றுள் சில. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கே எல்லை போட்டது. மேலதிக வீடுகளில் இருந்தோர் அவற்றைத் தமதாக்கிக் கொள்ளவும் வழி பிறந்தது.

பிந்திய திருத்தங்கள் இந்தப் பாதுகாப்பைப் பலவாறு சுருக்கின. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், எழுத்துமூலக் குத்தகை முடிந்தும் போகாதவரை மாவட்ட நீதிமன்றம் மூலம் விரைவாக வெளியேற்றவும் வழி திறந்தது. வீட்டுக்காரருக்கும் நியாயம் உண்டு. முப்பது ஆண்டு வழக்காடி, தன் வீட்டைத் தன் கண்ணால் காணாமலே செத்த வீட்டுக்காரர்களும் இந்நாட்டில் இருந்தார்கள்.

ஆனால் கவனியுங்கள். சட்டம் காப்பதும் கடதாசியின் வழியாக. சட்டம் எழுப்புவதும் கடதாசியின் வழியாக. வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் பின்புறத்து அனெக்ஸில் இருப்பவரிடம் பெரும்பாலும் ஒப்பந்தம் இல்லை. கொட்டாஞ்சேனை முடுக்கில் ஓர் அறையில் ஐந்து பேராக இருப்பவரிடம் வாடகைப் பற்றுச்சீட்டே இல்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. நீர்ப் பட்டியலும் மின் பட்டியலும் வீட்டுக்காரர் பெயரில். இப்படிப்பட்டவர் பத்து ஆண்டு இருந்தாலும் நேற்று வந்தவர் போலத்தான். கடதாசி இல்லாத வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவிலேதான் எழுப்புதலும் அடுத்தடுத்து நடக்கிறது.

இரண்டாம் காரணம்: நிலத்தின் விலை வீட்டின் விலையை மிஞ்சும் தெரு

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளை அறிவீர்கள். ஒரு காலத்தில் மாமரமும் முற்றமும் உள்ள தனி வீடுகள். பின்புறத்தில் ஓர் அனெக்ஸ், மேலே இரண்டு அறை என்று மூன்று நான்கு குடும்பங்கள் அவற்றில் ஒண்டியிருந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த பின், கொழும்புக்கு வந்து சேர்ந்தோரில் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலுமே தலை சாய்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணமும் அங்கேயே இறங்கியது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு மாடிமனைகள் எழுந்தன.

மாடிமனை எழுவது தவறல்ல. ஆனால் ஒரு வீடு இடிபடும்போது, விற்றவருக்குப் பணம், கட்டியவருக்கு இலாபம், வாங்கியவருக்கு வீடு. அனெக்ஸில் இருந்தவருக்கு ஒரு மாதத் தவணை. ஓர் ஒழுங்கையில் ஒரு காணி நல்ல விலைக்குப் போனால் பக்கத்துக் காணிக்காரருக்கும் அதே எண்ணம் வரும். ஆகவே எழுப்புதல் தொற்றுநோய் போல் வீட்டுக்கு வீடு தாவுகிறது. அந்த ஒழுங்கையிலேயே இன்னோர் அனெக்ஸ் தேடினாலும் கிடையாது, அதுவும் இடிபட்டிருக்கும்.

இதில் நாம் மனம் நோகச் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. இங்கே எழுப்புகிறவரும் எழுப்பப்படுகிறவரும் பெரும்பாலும் ஒரே மொழி பேசுவோர். சில வேளை ஒரே கோவிலில் ஒரே வாங்கில் இருப்போர். அந்நியன் செய்த கொடுமையைச் சொல்ல நமக்கு நா எழுகிறது. நாமே செய்யும்போது அது வெறும் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது.

மூன்றாம் காரணம்: குரலற்றோர் வாழும் தெரு

2007 யூன் 7ஆம் நாள் விடியற்காலையில் நடந்ததை மறக்க முடியாது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். தொகை 376: ஆண்கள் 291, பெண்கள் 85. பலர் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். உண்மையில் அவர்கள் கடவுச்சீட்டுக்கும் வீசாவுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்து, நாட் கணக்கிலோ மாதக் கணக்கிலோ அறை வாடகை கட்டி இருந்தவர்கள்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்தது. மறுநாளே, யூன் 8இல், உயர் நீதிமன்றம் இத்தகைய வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சில நாட்களுக்குள் பிரதம மந்திரி இரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். ஒரே காலையில் அத்தனை பேரை எழுப்ப முடிந்தது எப்படி? அவர்கள் எல்லாரும் ஒரு சில தெருக்களின் லொட்ஜுகளில் குவிந்திருந்தபடியால். ஏன் குவிந்தார்கள்? வேறு தெருக்களில் வடக்குக் கிழக்கு அடையாள அட்டைக்கு அறை கொடுப்பார் இல்லை. பொலிஸ் பதிவு, விசாரணை என்ற தொல்லைக்கு வீட்டுக்காரர்கள் அஞ்சினார்கள். முதலில் கதவடைப்பு ஓரிடத்தில் குவிக்கிறது. பின்பு குவிந்த இடமே எழுப்புவதற்கு இலகுவாகிறது.

இந்தத் துன்பம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே 8இல் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. கொம்பனித்தெரு மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் இடம். அந்த அதிகார சபையின் கணக்கெடுப்பின்படி, போதிய வசதியற்றவை எனக் குறிக்கப்பட்ட குடியிருப்புகள் நகரில் 1,499; குடும்பங்கள் 68,812. நகரின் நடுவே விலைபோகும் நிலத்தில் இருந்தோர் தெமட்டகொடை, மட்டக்குளி, முகத்துவாரம், சாலமுல்லை ஆகிய வடக்கு, கிழக்குப் பகுதிகளின் மாடித் தொடர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மாடிவீடு என்பது பொதுவான கணக்கு. பரப்பு 400 சதுர அடி அளவில். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்தாலோ, அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தாலோ, அந்தக் கணக்கில் அவர்கள் எங்கே?

குவிந்தால் என்ன கேடு?

எங்கே நடந்தாலும் துன்பம் ஒன்றுதானே, குவிந்தால் என்ன, பரந்தால் என்ன என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது.

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வங்கியில் பணம் இல்லை. அதன் சேமிப்பு அயலவர்தான். முக்குக் கடையில் கொப்பியில் எழுதிக் கடன் தரும் முதலாளி, வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, சீட்டுப் பிடிக்கும் அன்ரி, வருத்தம் வந்தால் முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் தம்பி. ஒரு வீடு மட்டும் எழுப்பப்பட்டால் அயலவர் அவர்களைத் தாங்குவார்கள். தெருவே எழுப்பப்பட்டால் தாங்குவதற்கும் ஆள் இல்லை. கடைக்காரரின் கடன் கொப்பியில் பாதிப் பெயர்கள் மறைந்துவிடும். மிஞ்சியவர்களுக்கு அவர் கடன் கொடுக்க அஞ்சுவார். பள்ளிக்கூடத்தில் தவணை நடுவே வாங்குகள் வெறுமையாகும். மறைக்கல்வி வகுப்பில் புதுநன்மைக்கு ஆயத்தமான பிள்ளையை அடுத்த வாரம் காணோம். அன்பியக் கூட்டம் ஒன்றை இரண்டு ஆண்டு உழைத்துக் கட்டியெழுப்பினால் ஆறு மாதத்தில் அது கலைந்துவிடும்.

அச்சமும் குவிகிறது. எழுப்புதல் வழக்கமான தெருவில் கூரை ஒழுகினாலும் வாடகைக்காரர் வாய் திறப்பதில்லை. வாடகை கூட்டினாலும் கேள்வி இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டும் நிலைக்கு வந்தபோது, பல குடும்பங்கள் ஒரு வேளை உணவைக் குறைத்தே வாடகையைக் கட்டின.

திருச்சபை என்ன கற்பிக்கிறது?

எளியவனின் நிலத்தை வலியவன் விழுங்குவதைத் திருநூல் எங்கும் கண்டிக்கிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாப் அரசனின் மாளிகைக்கு அருகில் இருந்தது. அதுவே நாபோத்தின் குற்றம். அவனையும் அரசன் வாளால் எழுப்பவில்லை. பொய்ச் சாட்சியும் நீதிமன்றமும் கொண்டே எழுப்பினான். வீட்டோடு வீடு சேர்த்து, பிறருக்கு இடமில்லாமல் செய்வோரை எசாயா சபிக்கிறார். பெண்களை அவர்களுடைய இனிய இல்லங்களிலிருந்து துரத்துவோரை மீக்கா பெயர் சொல்லாமல் சுட்டுகிறார். நம் ஆண்டவரோ, அரசாங்கத்தின் பேர்பதிவுக்காக ஊர் வந்து, தங்க இடம் கிடையாத தாய்க்குப் பிறந்தார். 2007இல் லொட்ஜுகளில் இருந்தோரின் நிலை அவருக்குத் தெரியாததல்ல.

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் மனித உரிமைகளை எண்ணும்போது உணவு, உடையோடு உறைவிடத்தையும் சேர்த்தார். 1987 டிசம்பரில், வீடற்றோர்க்கான சர்வதேச ஆண்டை ஒட்டி, பாப்பிறை நீதி சமாதான ஆணைக்குழு ஓர் ஏட்டையே வெளியிட்டது. வீடின்மை தனி மனிதரின் துரதிஷ்டம் மட்டுமல்ல, சமூக அமைப்பிலுள்ள அநீதி என்பது அதன் சாரம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல், ஏழைகளின் குடியிருப்பை அழித்துப் பெயர்ப்பதைவிட அதைத் திருத்துவதே மேல் என்றும், பெயர்க்க நேர்ந்தால் முன்னறிவித்து, தகுந்த வீடு காட்டி, அம்மக்களையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் போதித்தார்.

இவற்றோடு 2ஆம் அருள் சின்னப்பரின் ஒரு சொல்லை வீட்டுக்காரராகிய வாசகர் நினைவில் வைக்க வேண்டும். தனிச் சொத்துரிமையைத் திருச்சபை ஏற்கிறது. ஆனால் அதன்மீது ஒரு சமூக அடைமானம் இருக்கிறது என்றார் அவர். அடைமானம் என்றால் நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் கடன் ஒன்று அதன்மேல் நிற்கிறது. அதை நிறைவேற்றாமல் உங்கள் விருப்பப்படி எதையும் செய்ய முடியாது.

நாம் செய்யக்கூடியவை

தெருவில் குவியும் துன்பத்துக்கு மருந்தும் தெரு அளவிலேயே வேண்டும்.

வாடகைக்கு இருப்பவரே, வாடகை கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கிடையாவிட்டால் வங்கி மூலம் கட்டி அந்தத் துண்டை வைத்திருங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றக் கட்டளை இன்றி ஒருவரைப் பலாத்காரமாக வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அப்படி வெளியேற்றி, சமாதானம் குலையும் நிலை ஏற்பட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் முதனிலை நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் அங்கே போக வேண்டும். அழுதுகொண்டே காலத்தைப் போக்கினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். கட்டணம் கொடுக்க இயலாதோர்க்கு 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சிறு பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது.

வீட்டுக்காரரே, வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை உமக்கு உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளித் தவணை முடியும் வரை பொறுக்கலாம். அட்வான்ஸை வெட்டாமல் கொடுக்கலாம். இடிக்கப்போகிறீர் என்றால் விற்பனை பேசும்போதே குடியிருப்பவருக்குச் சொல்லலாம். பேரம் முடிந்த பின் சொல்வது அவருடைய நாட்களைத் திருடுவதாகும். வாங்குபவரிடம் பெறும் பெருந்தொகையில் அவர் வேறிடம் போகும் செலவுக்கு ஒரு சிறு பங்கு கொடுப்பது தர்மம் அல்ல, நீதி.

அன்பியங்களே, உங்கள் தெருவில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள், யாரிடம் கடதாசி இல்லை என்பதை அறிந்து வையுங்கள். ஒருவருக்குத் தவணை கொடுக்கப்பட்டால் அவர் தனியே வீட்டுக்காரர் முன் நிற்க வேண்டாம். இருவர் கூடப் போங்கள். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஒசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் இன்றும் நம் பங்குகளில் வீடு தேடிப் போகிறார்கள். ஒரு மாத வாடகையைக் கடனாகக் கொடுக்கும் சிறு நிதியொன்றை அவர்களோடு சேர்ந்து தொடங்கலாம். ஒரு குடும்பத்தை வீதியில் விழாமல் தடுக்கப் பல வேளைகளில் அந்த ஒரு மாதமே போதும்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. நம் பங்கில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அதிகமாகக் குடும்பங்கள் மாறிய தெரு எது? மேலே சொன்ன மூன்று காரணங்களில் எது அங்கே பொருந்துகிறது?

2. நம்மில் வாடகைக்கு வீடு கொடுப்போர், பிள்ளைகள் உள்ளோருக்கும் மலையகத்தார், வடக்குக் கிழக்கார், பிற மதத்தார் ஆகியோருக்கும் கதவைத் திறக்கிறோமா?

3. போன ஆண்டு நம் தெருவிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? அறிந்தவர் நம்மில் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு முன் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் வெட்டப்பட்ட பெயர் ஆண்டவரின் ஏட்டில் வெட்டப்படவில்லை. அவர் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒருநாள் அயலாரிடம்தான் கேட்பார்.